நாலாவது நொடியில் வேகம் 3.84: அளந்தது யார்?

என்.சி.இ.ஆர்.டி.யின் பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் புத்தகத்தில், நேர்கோட்டு இயக்கம் பாடத்தில், ஓர் அட்டவணை உண்டு. ஒரு பொருள் நகர்கிறது. நேரத்தின் கனத்தை 0.08ஆல் பெருக்கினால் அது எத்தனை மீட்டர் தள்ளி இருக்கிறது என்பது வந்துவிடும். நாலாவது நொடியில் அதன் வேகம் என்ன? 4ஐ நடுவில் வைத்து முதலில் 2 நொடி இடைவெளி எடுக்கிறார்கள், அதாவது 3இலிருந்து 5 வரை. நகர்ந்த தூரத்தை நேரத்தால் வகுத்தால் 3.92. இடைவெளியை 1 நொடியாக்கினால் 3.86. அரை நொடிக்கு 3.845. பத்தில் ஒரு நொடிக்கு 3.8402. நூறில் ஒரு நொடிக்கு 3.8400. ஆகவே கணநேர வேகம் நொடிக்கு 3.84 மீட்டர்.

(தமிழ்வழிப் புத்தகங்களில் 'கணநேர' என்றும் 'உடனடி' என்றும் இரண்டு விதமாகவும் பார்த்திருக்கிறேன். உடனடி என்றாலே எனக்குக் காபித்தூள்தான் ஞாபகம் வருகிறது. இங்கே கணநேரம் என்றே வைத்துக்கொள்கிறேன். திசையைப் பற்றிப் பேச வேண்டிய ஓரிரு இடம் தவிர, திசைவேகம் என்று பிரிக்காமல் வேகம் என்றே எழுதுகிறேன்.)

நுண்கணிதத்தில் 'எல்லை' என்றால் என்ன என்று புரியவைக்க இது அருமையான அட்டவணை. அதோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் இதைப் படித்து முடிக்கிற பிள்ளை என்ன நினைத்துக்கொண்டு எழுந்து போகும்? வேகத்தை இப்படித்தான் அளப்பார்கள், இடைவெளியைக் குறைக்கக் குறைக்க விடை துல்லியமாகிக்கொண்டே போகும் என்றுதானே? அளவீட்டில் நடப்பது கிட்டத்தட்ட இதற்கு எதிர்மாறு.

போட்டுப் பார்த்துவிடுவோம். அதே பொருள், அதே ஓட்டம். ஆனால் சூத்திரம் நம் கையில் இல்லை. டேப்பை வைத்துத்தான் இடத்தைக் குறிக்கிறோம். ஒவ்வொரு குறியிலும் ஒரு மில்லிமீட்டர் முன்னே பின்னே இருக்கலாம் என்று வையுங்கள். ரொம்ப நல்ல டேப், ரொம்ப நல்ல கண். கடிகாரத்தில் பிழையே இல்லை என்றும் சலுகை கொடுத்துவிடலாம். இரண்டு குறிகளும் எதிரெதிர்ப் பக்கம் தவறினால் தூரத்தில் 2 மில்லிமீட்டர் பிழை. அதை இடைவெளியால் வகுக்க வேண்டும்.

2 நொடி இடைவெளிக்கு இந்தப் பிழை நொடிக்கு 0.001 மீட்டர், கண்டுகொள்ளவே வேண்டாம். ஆனால் சராசரி எடுத்ததாலேயே வரும் விலகல் 0.08 இருக்கிறது. 1 நொடிக்கு விலகல் 0.02, டேப் பிழை 0.002. அரை நொடிக்கு 0.005, 0.004. இதுவரை இறங்குமுகம்தான். பத்தில் ஒரு நொடிக்கு வந்தால் விலகல் 0.0002 ஆகச் சுருங்கிவிடுகிறது, ஆனால் டேப் பிழை 0.02. நூறில் ஒரு நொடியில் டேப் பிழை 0.2. அதாவது 3.64க்கும் 4.04க்கும் நடுவே எந்த எண் வேண்டுமானாலும் வரலாம். 2 நொடி இடைவெளியே இதைவிடத் தேவலை.

இரண்டு பிழையையும் கூட்டி, எந்த இடைவெளியில் கூட்டுத்தொகை மிகக் குறைவு என்று கணக்கிட்டால் ஏறத்தாழ 0.37 நொடி வருகிறது. அங்கேயும் பிழை சுமார் 0.008. இந்த டேப்பை வைத்துக்கொண்டு அதற்குக் கீழே போக முடியாது. நூறில் ஒரு நொடியில் அந்தப் பொருள் நகர்வது வெறும் 3.84 சென்டிமீட்டர். அதை வைத்து 3.8400 என்று நாலு தசம இலக்கம் எழுத வேண்டுமானால் மைக்ரோமீட்டர் கணக்கில் இடம் தெரிய வேண்டும். புத்தகத்தின் அட்டவணையில் யாரும் எதையும் அளக்கவில்லை. சூத்திரத்தை முன்னாலேயே தெரிந்துவைத்துக்கொண்டு, அதே சூத்திரத்திலிருந்து விடையை எடுத்திருக்கிறார்கள்.

இது தப்பா என்றால், தப்பில்லை. கணநேர வேகம் என்ற யோசனையே அப்படிக் கணக்கு வழியாகத்தான் வந்தது. 1150இல் சித்தாந்த சிரோமணி எழுதிய இரண்டாம் பாஸ்கரர் 'தாத்காலிக கதி' என்று ஒன்றைப் பேசுகிறார். நிலா ஒரு நாளைக்குச் சராசரியாக 13 பாகைக்குக் கொஞ்சம் மேல் நகரும். ஆனால் சில நாள் 12க்குக் கீழே, சில நாள் 15க்கு மேலே. திதி எந்த நாழிகையில் முடிகிறது என்று சொல்ல நாள் சராசரி போதாது, அந்த நேரத்து வேகம் வேண்டும். அதற்காக நிலாவின் பின்னாலேயே கருவியோடு ஓடவில்லை அவர். நிலாவின் இடத்தைச் சொல்லும் கணிதத்திலிருந்து வேகத்தை வருவித்தார். கேள்வி நிஜம், விடை மாதிரியிலிருந்து வந்தது. புத்தகமும் அப்படி வெளிப்படையாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

என் வருத்தம் இன்னொன்று. 2022இல் பாடச்சுமையைக் குறைக்கிறோம் என்று இந்தப் புத்தகத்தில் சில பகுதிகளை எடுத்தார்கள். இந்தப் பாடத்திலிருந்து போனவை: இடம், பாதை நீளம், இடப்பெயர்ச்சி பற்றிய பகுதி, சராசரித் திசைவேகமும் சராசரி வேகமும் பற்றிய பகுதி. இப்போது அறிமுகம் முடிந்ததும் நேரே கணநேர வேகம். அளவீடு பற்றிய பாடத்திலிருந்து போனவை: நீளம், நிறை, நேரம் ஆகியவற்றை எப்படி அளப்பது என்ற பகுதிகள், கருவிகளின் துல்லியமும் அளவீட்டுப் பிழைகளும் பற்றிய பகுதி. எடுத்தவர்கள் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்களா என்று தெரியவில்லை. சராசரி போய்விட்டது, பிழை போய்விட்டது, அட்டவணை மட்டும் தங்கிவிட்டது. நான் மேலே போட்ட கணக்கைப் போட ஒரு பிள்ளைக்கு வேண்டிய இரண்டு சாமானையும் பிடுங்கிக்கொண்ட மாதிரி இருக்கிறது.

சராசரி வேகம் ஒன்பதாம் வகுப்பிலேயே வந்துவிட்டதே, திரும்ப எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். சராசரி என்பது சின்னப் பிள்ளைகள் விஷயம், தூரத்தை நேரத்தால் வகுத்தால் முடிந்தது என்ற நினைப்பு அதற்குள் ஒளிந்திருக்கிறது. அது அவ்வளவு எளிது இல்லை. இதைப் பேச எனக்குத் தெரிந்த நல்ல இடம் தூத்துக்குடி. வேகம் அங்கே தினசரிப் பிழைப்பு.

தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு நேர்கோட்டில் சுமார் 150 கடல் மைல். வ.உ.சி.யின் சுதேசிக் கம்பெனி 1907இல் காலியா, லாவோ கப்பல்களை ஓட்டிய பாதை அது. 10 நாட் சராசரி என்றால் 15 மணி நேரம். (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல், 1,852 மீட்டர்.) பயணிக்கு வேண்டியது இந்தச் சராசரி மட்டுமே, நடுக்கடலில் நள்ளிரவு 2 மணிக்கு என்ன வேகம் என்று யாரும் டிக்கெட் வாங்குவதில்லை. ஆனால் அந்தச் சராசரியிலேயே பொறி இருக்கிறது. பாதித் தூரம் 8 நாட், பாதித் தூரம் 12 நாட் என்று போனால் சராசரி 10 இல்லை, 9.6. மெதுவாகப் போன பாதியில் அதிக நேரம் போய்விடுகிறது அல்லவா.

அந்தக் காலத்து மாலுமிகள் வேகத்தை எப்படி அளந்தார்கள்? இந்தக் கரையில் வந்து நின்ற ஐரோப்பியப் பாய்க்கப்பல்களில் ஒரு மரப்பலகையைக் கயிற்றில் கட்டிக் கடலில் போடுவார்கள். பலகை தண்ணீரில் நின்றுவிடும், கப்பல் போய்க்கொண்டே இருக்கும், கயிறு ஓடும். கயிற்றில் 47 அடி 3 அங்குலத்துக்கு ஒரு முடிச்சு. 28 நொடி மணற்கடிகாரம் தீரும்வரை எத்தனை முடிச்சு கை வழியே ஓடியது என்று எண்ணினால் அதுவே வேகம். நாட் என்ற சொல்லுக்கே முடிச்சு என்றுதான் பொருள். கணக்கும் சரியாக வருகிறது: 28 நொடியில் 47.25 அடி என்றால் ஒரு மணி நேரத்தில் 6,075 அடி, அதாவது கிட்டத்தட்ட ஒரு கடல் மைல்.

கப்பல் வேகமாகப் போனால் 28 நொடி கட்டுப்படியாகாது. 10 நாட்டில் 144 மீட்டர் கயிறு ஓடிவிடும், அத்தனையையும் திரும்ப இழுக்க வேண்டும். அதற்காக 14 நொடிக் கடிகாரம் ஒன்று வைத்திருந்தார்கள். முடிச்சை எண்ணி இரண்டால் பெருக்க வேண்டும். ஆனால் கடிகாரத்தைத் திருப்புகிறவர் ஒரு நொடி தாமதித்தால் 28 நொடியில் பிழை மூன்றரை சதவீதம், 14 நொடியில் ஏழு. புத்தக அட்டவணை மறைத்த அதே பேரம், கையில் கயிறு உராய நடந்திருக்கிறது. இடைவெளியைக் குறைப்பதற்கு ஒரு விலை உண்டு என்று எழுதப் படிக்கத் தெரியாத மாலுமிக்கும் தெரிந்திருக்கும்.

இதில் இன்னொரு சங்கதி. பலகை நிற்பது தண்ணீரில், தரையில் இல்லை. எதிரே ஒரு நாட் நீரோட்டம் இருந்தால் கயிறு 10 என்று சொல்லும்போது கப்பல் தரைக்கு 9இல்தான் நகர்கிறது. கொழும்புக்கு 15 மணி நேரம் என்று நினைத்தது 16 மணி 40 நிமிடம் ஆகிவிடும். வேகம் எதைப் பொறுத்து என்ற கேள்வி, சார்பு இயக்கம் என்று பாடத்தின் கடைசியில் தனியாக வரவேண்டியது இல்லை. முதல் அளவீட்டிலேயே வந்து உட்கார்ந்துவிடுகிறது.

முத்துக்குளிப்பையும் பார்க்கலாம். இந்தக் கரையில் 1961க்குப் பிறகு அரசு முத்துக்குளிப்பு நடக்கவில்லை. அதற்கு முன்பு நடந்த முறையில், சுழியோடி கல்லில் கால் வைத்துச் சரசரவென்று பாருக்கு இறங்குவார், சிப்பிகளைப் பொறுக்குவார், மேலே படகில் கயிறு பிடித்தவர் இழுக்க ஏறி வருவார். மொத்தம் ஒரு நிமிடம் போல. ஆழம் 15 மீட்டர், இறங்க 10 நொடி, ஏற 10 நொடி, அடியில் 40 நொடி என்று வைத்துக்கொள்வோம். மேல்கீழ் இடப்பெயர்ச்சி பூஜ்யம், ஆகவே சராசரித் திசைவேகம் பூஜ்யம். தேர்வுக்குப் பிடித்த கேள்வி. சராசரி வேகம் 30 மீட்டரை 60 நொடியால் வகுத்தால் நொடிக்கு அரை மீட்டர். அந்த அரை மீட்டர் வேகத்தில் அவர் போனது கிளம்பும்போதும் நிற்கும்போதும் ஏதோ சில கணங்கள்தான். பூஜ்யமும் அரை மீட்டரும் இரண்டுமே சரியான விடை, இரண்டாலும் அவருக்குப் பிரயோஜனம் இல்லை. இறங்கும் 10 நொடியின் சராசரி மட்டும் தனியாகத் தெரிந்தால் பிரயோஜனம் உண்டு. அது கூடினால் அடியில் சிப்பி பொறுக்க நேரம் கூடும். எந்த இடைவெளிக்குச் சராசரி என்பதை வகுத்தல் சொல்லாது, வேலைதான் சொல்லும்.

சரி, பழைய கதை போதும். இப்போது எல்லாக் கப்பலிலும் ஜி.பி.எஸ். இருக்கிறதே? வ.உ.சி. துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களை ஏ.ஐ.எஸ். வரைபடத்தில் யாரும் பார்க்கலாம். பெரிய கப்பல்கள் தங்கள் இடத்தையும் வேகத்தையும் வானொலியில் அறிவித்துக்கொண்டே இருக்கும். ஓடும்போது வேகத்தைப் பொறுத்து 2 முதல் 10 நொடிக்கு ஒருமுறை, நங்கூரத்தில் 3 நிமிடத்துக்கு ஒருமுறை. நிற்கிற கப்பல் 0.1 நாட், 0.2 நாட் என்று காட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். கப்பல் நங்கூரத்தைச் சுற்றி ஆடுவதும் உண்டு, ஜி.பி.எஸ். இடம் துள்ளுவதும் உண்டு.

இந்தத் தரவை எடுத்து ஒரு நாளில் கப்பல் எவ்வளவு தூரம் போனது என்று நிரல் எழுதினால் வேடிக்கை. ஒவ்வொரு முறையும் இடம் 5 மீட்டர் தள்ளித் தெரிகிறது என்று வையுங்கள். 3 நிமிடத்துக்கு ஒன்று என்றால் நாளுக்கு 480 துள்ளல், 2.4 கிலோமீட்டர். அதே துள்ளலை 10 நொடிக்கு ஒருமுறை எடுத்தால் 8,640, அதாவது 43.2 கிலோமீட்டர். நங்கூரம் போட்ட கப்பல் மணிக்கு 1.8 கிலோமீட்டர் சராசரி வேகத்தில் நாள் முழுக்கப் போயிருக்கிறது! (அடுத்தடுத்த ஜி.பி.எஸ். பிழைகள் ஓரளவு சேர்ந்தே நகரும் என்பதால் நிஜத்தில் இவ்வளவு மோசமாகாது. திசை இதுதான்.) காலையில் ஓட்டப்பயிற்சி செய்கிறவர்கள் போன் ஆப்பில் தூரம் கொஞ்சம் கூடக் காட்டுகிறது என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். பாதை நீளம் என்பது எவ்வளவு நெருக்கமாக அளக்கிறோம் என்பதைப் பொறுத்து மாறுகிறது. ஒன்பதாம் வகுப்பிலேயே முடிந்துபோன விஷயமாக எனக்குத் தெரியவில்லை.

அப்படியானால் ஜி.பி.எஸ். வேகத்தை மட்டும் எப்படி ஓரளவு ஒழுங்காகக் காட்டுகிறது? ஒரு நொடி இடைவெளியில் இரண்டு இடங்களைக் கழித்து வகுத்தால், இடத்துக்கு 3 மீட்டர் பிழை என்று வைத்தாலும் மோசமான நேரத்தில் நொடிக்கு 6 மீட்டர், சுமார் 12 நாட் பிழை வரும். நல்ல ரிசீவர்கள் அப்படிச் செய்வதில்லை. செயற்கைக்கோளின் அலை 1,575.42 மெகாஹெர்ட்ஸ், கப்பலின் நகர்வால் அந்த அதிர்வெண் மாறுகிறது, டாப்ளர் விளைவு. கோளை நோக்கி நொடிக்கு 5 மீட்டர் போனால் சுமார் 26 ஹெர்ட்ஸ் கூடும். அதை அளந்தால் வேகம் நேரடியாக வந்துவிடும், இடத்தைக் கழிக்கவே வேண்டாம்.

ஆஹா, கடைசியில் கணநேர வேகத்தைப் பிடித்துவிட்டோம் என்று தோன்றும். இல்லை. அதிர்வெண் என்பதே ஒரு நொடிக்கு எத்தனை அலை என்பதுதான். எண்ண நேரம் வேண்டும். அலைநீளம் 19 சென்டிமீட்டர். நொடிக்கு 10 சென்டிமீட்டர் வித்தியாசம் என்றால் அரை ஹெர்ட்ஸ் சொச்சம். முழு அலைகளை மட்டும் எண்ணினால் ஒரு அலை வித்தியாசம் தெரியவே கிட்டத்தட்ட 2 நொடி ஆகும். ரிசீவர் அலையின் பின்னத்தையும் அளப்பதால் அதைவிடச் சீக்கிரம் சொல்லிவிடுகிறது. ஆனால் பூஜ்ய நேரத்தில் சொல்லாது.

கப்பலின் அடியில் பொருத்தும் மின்காந்த லாக் கருவியும் அப்படித்தான். காந்தப்புலத்தின் ஊடே உப்புத்தண்ணீர் பாய்கையில் வேகத்துக்கு ஏற்ற மின்னழுத்தம் பிறக்கிறது, ஃபாரடே விதி. வகுத்தல் எங்கும் இல்லை. ஆனால் அந்த மின்னழுத்தம் இரைச்சலில் மிதக்கிறது, சில நொடி சராசரி எடுத்துத்தான் திரையில் போடுவார்கள். தண்ணீரின் அழுத்தத்தை அளக்கும் பிட்டோ வகைக் கருவியில் வேறு தொல்லை. அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. நொடிக்கு 5 மீட்டருக்குச் சுமார் 13,000 பாஸ்கல் கிடைக்கும், நொடிக்கு 10 சென்டிமீட்டருக்கு வெறும் 5 பாஸ்கல், அரை மில்லிமீட்டர் தண்ணீரின் எடை. மெதுவாகப் போகும்போது அதற்குக் கண் தெரியாது.

மெதுவாகப் போகும்போதுதான் கண் தெரிய வேண்டும் என்பதுதான் துறைமுகத்தின் கஷ்டம். கப்பலைத் தளத்தில் அணைக்கும்போது, பக்கவாட்டில் நொடிக்கு 10, 15 சென்டிமீட்டர் போல நகர்ந்து ரப்பர் ஃபெண்டரில் சாய வேண்டும். சரக்கோடு 50,000 டன் கப்பல் என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 10 சென்டிமீட்டரில் இயக்க ஆற்றல் 250 கிலோஜூல். ஒரு டன் கார் 80 கிலோமீட்டர் வேகத்தில் வந்து மோதினால் ஏறத்தாழ இவ்வளவுதான். 30 சென்டிமீட்டர் ஆனால் ஒன்பது மடங்கு, அப்படி ஒன்பது கார். (கப்பலோடு சேர்ந்து நகரும் தண்ணீரின் நிறையை நான் சேர்க்கவில்லை, சேர்த்தால் இன்னும் கூடும்.) இங்கே சராசரி உதவாது. கடைசி அரை மணியின் சராசரி எதுவாக இருந்தால் என்ன, ஃபெண்டரைத் தொடுகிற நேரத்து வேகம்தான் வாங்கும் அடியைத் தீர்மானிக்கிறது. கணநேர வேகம் வெறும் கற்பனை என்று யாராவது சொன்னால் அவரைத் தளத்தின் ஓரத்தில் நிற்கவைக்கலாம்.

ஏ.ஐ.எஸ். வேகத்தை 0.1 நாட் படிகளில்தான் சொல்கிறது. ஒரு படி நொடிக்கு 5 சென்டிமீட்டர். அணைக்க வேண்டிய வேகத்தில் அதுவே பாதி. ஆகவே அந்தத் திரையை நம்பி யாரும் அணைப்பதில்லை. இதற்கென்று டாப்ளர் டாக்கிங் லாக், தளத்திலிருந்து தூரத்தை அளக்கும் லேசர், பைலட் கையோடு கொண்டுவரும் துல்லிய ஜி.பி.எஸ். எல்லாம் இருக்கின்றன. அவற்றிலும் திரையில் எண் துள்ளாமல் இருக்க நகரும் சராசரி எடுத்தே ஆக வேண்டும். என் தொழிலில் தினமும் செய்கிற வேலை அது, அதனால் அதன் குணம் தெரியும். கடைசி 10 நொடியின் சராசரியைக் காட்டினால், வேகம் சீராக மாறும்போது நீங்கள் பார்ப்பது 5 நொடிக்கு முந்தைய வேகம். வேகம் குறைந்துகொண்டிருந்தால் கவலையில்லை. தென்மேற்குக் காற்று பக்கவாட்டில் தள்ளி, நொடிக்கு 2 சென்டிமீட்டர் வீதம் வேகம் ஏறிக்கொண்டிருந்தால், திரை 10 என்னும்போது கப்பல் 20இல் இருக்கும். ஆற்றல் நாலு மடங்கு. இடைவெளியை 2 நொடியாகக் குறைத்தால் தாமதம் ஒரு நொடிதான், ஆனால் எண் 7, 14, 9 என்று குதிக்கும், பைலட் எதை நம்புவார்? நல்ல கருவி என்பது இந்த இரண்டுக்கும் நடுவில் யாரோ யோசித்து வைத்த ஓர் இடைவெளி. டேப்பில் நமக்கு வந்த 0.37 நொடி மாதிரி.

பாடநூல் பெரிதாக எதையும் மாற்ற வேண்டாம். அந்த அட்டவணை அப்படியே இருக்கட்டும். பக்கத்தில் இன்னொரு பத்தி சேர்த்து, இடத்தில் ஒரு மில்லிமீட்டர் பிழை இருந்தால் ஒவ்வொரு வரிசையிலும் என்ன ஆகும் என்று போட்டால் போதும், அரைப் பக்கம்கூட வராது. செய்முறைக்கும் செலவில்லை. சாய்த்த பலகையில் ஒரு கோலியை உருட்டி, அளவுகோலைப் பக்கத்தில் வைத்து, போனில் நொடிக்கு 30 படம் வீதம் வீடியோ எடுக்கலாம். அடுத்தடுத்த படங்களைக் கழித்து ஒருமுறை, ஐந்து படம் விட்டு ஒருமுறை, பதினைந்து படம் விட்டு ஒருமுறை வேகம் கணக்கிட்டு வரைபடம் போட்டால், முதலாவது ரம்பப் பல் மாதிரி வரும், கடைசியில் புள்ளிகள் ஒன்றிரண்டுதான் மிஞ்சும். நடுவில் எது நன்றாக இருக்கிறது என்று பிள்ளைகளையே கேட்கலாம். வகுப்பில் எல்லாரும் ஒரே விடை சொல்ல மாட்டார்கள், போன் ஒவ்வொன்றும் வேறு.